மீதி நாற்பதாயிரம்

கோலிக்குண்டு ஒன்றைத் தரையில் வைத்தேன்.
அது யோசிக்கவே இல்லை.
அடுப்படியில் புறப்பட்டு
கூடத்தைக் கடந்து
கட்டிலுக்கடியில் போய் நின்றது.
"கழுவி விட்டா தண்ணியும் இந்த வழிதான்" என்றேன்.
கார்மேகம் குனிந்து பார்த்தார்.
"பழைய வீடுக்கா. பூமி அமுங்கியிருக்கும்."

முன்பணம் வாங்கிய அன்று அக்கா.
இரண்டாம் தவணைக்கு ஜெனோவாக்கா.
மச்சு ஒழுகுகிறது என்று போன் செய்த நாளிலிருந்து மேடம்.
(பெயரிலேயே மழை வைத்திருப்பவரிடம்
மச்சைக் கொடுத்தது என் தப்புதான்.)
இன்று மறுபடி அக்கா.
மீதி நாற்பதாயிரம் என்னிடம் இருக்கிறது.

தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனியில்
பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன்.
எத்தனை பார் போனது, எத்தனை உடைந்தது,
எந்தப் படகு கடனுக்கு ஏற்றியது,
வெயிலில் எவ்வளவு கரைந்தது.
கரைவதற்கே கணக்கு வைப்பவளிடம்
நாற்பது மூட்டை சிமெண்டை
அறுபது என்று எழுதி நீட்டுகிறார்.

பூசி முடித்து ஒன்றரை மாதம்.
சுவருக்கு வெள்ளை மீசை முளைத்துவிட்டது.
விளக்குமாறு பட்டால் உதிர்கிறது.
ஒருநாள் விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"என்ன மணல் போட்டீங்க?"
"வைகை மணல்க்கா. பில்லு இருக்கு."
"அப்ப நீங்களே நக்கிப் பாருங்க."

நக்கினார்.
ஐம்பது வயது ஆள், வெள்ளைச் சட்டை,
பையில் இரண்டு பேனா,
என் வீட்டுச் சுவரில் நாக்கை வைத்துக்
கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார்.
"இங்க காத்தே உப்புக்கா" என்றார்.

அதில் பொய்யில்லை.
தெற்கே மன்னார் வளைகுடா
வடக்கே பாக் நீரிணை
நடுவே ஒரு விரல் அகலத்துக்கு நாங்கள்.
ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின்,
செபமாலைக் கொக்கிகூடத் துருவேறும்.
ஆனால் காற்று சிப்பி கொண்டுவராது.

தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன்.
சுவரிலிருந்து சுரண்டிய மூன்று துண்டு.
ஒன்றில் ஊதா நிறம் இன்னும் போகவில்லை.

பார்த்தார்.
டீ கிடைக்குமா என்றார்.
போட்டுக் கொடுத்தேன்.

வாசலில் யாரோ நின்றார்கள்.
சும்மாடு இல்லாததால் அடையாளம் தெரியவில்லை.
முத்திருளாயி. கலவை சுமந்த சித்தாள்.
உச்சிப்புளியில் பஸ் ஏறி வந்திருக்கிறாள்.
"ஒம்பது நாள் சம்பளம் நிக்குது.
நீங்க குடுத்தாத்தான் தருவேங்காரு."

அவர் டம்ளரைப் பார்த்தார்.
நான் தீப்பெட்டியைப் பார்த்தேன்.
இத்தனை நாள் நான் பிடித்து வைத்திருந்தது
அவர் பணம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"மணல் எங்கேருந்து வந்துச்சு?"
"அது தெரியாது. ராத்திரி வந்துச்சு.
ஈர மணலு. ரெட்டைப் பாரம்.
கூலி மட்டும் அதே அறுநூறு."

ஐயாயிரத்து நானூறை எண்ணி
அவள் கையில் வைத்தேன்.
பில்லின் பின்பக்கம் எழுதினேன்:
மீதி முப்பத்து நாலாயிரத்து அறுநூறு.
கையெழுத்துப் போடச் சொன்னேன்.
இரண்டு பேனாவில் ஒன்று எழுதவில்லை.
மற்றதில் போட்டார்.

"மீதி எப்பக்கா?"
"சுவரைக் கொத்திட்டு நல்ல மணல்ல பூசுன அன்னைக்கு."
"எனக்கு நட்டம்க்கா."
"எனக்கு வீடு."

அவர் பைக் கிளம்பவே நேரமாயிற்று.
முத்திருளாயி செருப்பு மாட்டுகையில்
சுவரை ஒருமுறை தடவினாள்.
நக்கவெல்லாம் இல்லை.
விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"கொத்துறதுக்கு ஆள் வேணும்ல,
என்னையவே கூப்பிடுங்க.
கொத்து வேலைக்கு எழுநூறு.
மொதல்லயே சொல்லிப்புட்டேன்."